கொழும்பை விட்டு நகராத முள்

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, நான் பேனா எடுத்ததை வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பதினொன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பால் கணக்கும், தெருவில் யாராவது கேட்டால் மணியார்டர் பாரமும்தான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில்தான் தொடங்குகிறேன்.

இந்தக் கூச்சத்தால்தான் நான் சொல்லிக்கொடுத்த ட்யூஷனைக்கூட ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைக்கு என்று வைத்துக்கொண்டேன். இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒன்று மற்றதைப் பார்த்துச் சிரிக்கும். அதோடு எனக்குப் பாடம் மறந்துவிடும்.

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் கடற்கரை ரோட்டுக்குப் பின்தெருவில் குடியிருந்தோம். நாலு வீடு தள்ளி ஒரு தண்டல் வீடு. தண்டல் என்றால் தோணியை நடத்திப் போகிறவர். வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவார், வருவார். அவருடைய மகள் பதினொன்றாம் வகுப்பில் இருந்தாள். அந்த முறை தோணி ஏறுவதற்கு முன்னால் அவர் என் வீட்டு வாசலில் நின்று சொன்னார்: "டீச்சர், இவ இந்தப் பரீட்சைய மட்டும் எழுதிரணும். எழுதலன்னா என் பொஞ்சாதி பாஸ்குத் திருநாள் முடிஞ்ச மறுவாரமே அவ அண்ணன் மவனுக்குக் கட்டி வச்சிருவா. நான் கடல்ல கெடக்கேன், யாரு தடுக்க?"

நான் தலையை ஆட்டினேன். வாயைத் திறந்திருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன்.

கணக்கும் இங்கிலீஷும் அவளுக்குத் தட்டுத் தடுமாறி வந்தன. தொல்லை வேறு இடத்திலிருந்து வந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் சமூகப் பாடம் நடத்துகிற டீச்சர் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பிள்ளையும் செய்தி நோட்டு போட வேண்டும். சாயங்காலம் ரேடியோவில் மாநிலச் செய்தி கேட்டு ஐந்து செய்தியைச் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். மறுநாள் பேப்பரில் அதே செய்தி எப்படி வந்திருக்கிறது, எதைப் பெரிதாகப் போட்டான், எதை விட்டான் என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். நோட்டு முடிக்காத பிள்ளைக்கு ஹால் டிக்கெட் கையில் வராது என்று சொல்லிவிட்டார்.

தண்டல் வீட்டில் ரேடியோ இருந்தது. எங்கள் தெருவிலேயே நல்ல டிரான்சிஸ்டர், அவரே கொழும்பிலிருந்து கொண்டுவந்தது. மாதா படத்துக்குக் கீழே, பூப்பின்னல் துணி போர்த்தி இருக்கும். ஆனால் ஸ்டேஷன் மாற்றுகிற திருகில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. வெட்டுக்காயத்துக்குப் போடுகிறோமே, அது. திருகு அசையாது. முள் கொழும்பு ஸ்டேஷனிலேயே நிற்கும்.

ஒட்டியது அந்தப் பெண்ணின் அம்மா. அவளுடைய தம்பி ஒருவன் கொழும்பில் கடை வேலைக்குப் போனவன், அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனான். தந்தி வருவதற்கு முன்னால் கொழும்பு ரேடியோவின் மரண அறிவித்தலில் பெயரும் ஊரும் வந்துவிட்டது. அக்கரையில் சொந்தம் உள்ள வீடுகளில் எல்லாம் அந்த அறிவித்தலைக் காது கொடுத்துக் கேட்பார்கள். அன்றிலிருந்து புருஷன் தோணி ஏறினால் திருகில் பிளாஸ்திரி ஏறும். அவர் கரை இறங்கினால்தான் அதை உரிப்பாள்.

"அக்கா, மரண அறிவித்தல் சொல்லுத நேரம் வேற. மாநிலச் செய்தி விளக்கு வைக்கிற நேரத்துல வரும். ஒரு பத்து நிமிஷம் திருநெல்வேலி ஸ்டேஷன் வச்சா போதும்" என்றேன்.

"அந்தப் பத்து நிமிஷத்துல சொல்லிட்டான்னா?"

"அந்த நேரத்துல சொல்ல மாட்டாங்க."

"அவசரம்னா எந்த நேரமும் சொல்லுவான் டீச்சர். சாவு நேரம் பாத்தா வருது?"



மகள் என்ன செய்தாள் தெரியுமா? கேட்கிற ஸ்டேஷனிலிருந்தே எழுதினாள். முதல் வாரம் முழுக்க நோட்டில் கொழும்பில் பாணுக்கு, அதாவது ரொட்டிக்கு, வரிசையில் நின்ற கதையும், அவர்கள் மந்திரி எங்கோ பாலம் திறந்ததும்தான். டீச்சர் சிவப்பு மையில், "இது எந்த மாநிலம்?" என்று கேட்டிருந்தார்.

"நம்ம தோணி போற ஊருதான டீச்சர்? அவங்க செய்தி வாசிக்கிற திருச்சிக்கு நான் போனதே இல்ல" என்றாள் என்னிடம்.

முனிசிபல் பார்க்கில் சாயங்காலம் ஒலிபெருக்கியில் ரேடியோ வைப்பார்கள். அங்கே போய்க் கேள் என்றேன். ஆம்பளைகள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு வயசுப் பிள்ளையை அனுப்புவதா என்று அம்மா ஒரு சத்தம் போட்டாள். அது நியாயம்தான். அப்புறம் அவளே, "டீச்சருதான் போய்க் கேட்டுட்டு வந்து சொல்லட்டுமே" என்றாள்.

எனக்கு வயசே இல்லாதது போல.

போனேன். என் புத்தியை என்ன சொல்ல! பார்க்கில் பெஞ்சு முழுக்க ஆம்பளைகள். நான் வேப்பமரத்தடியில் ஓரமாக உட்கார்ந்து, முந்தானைக்குள் நோட்டை வைத்துக்கொண்டு எழுதினேன். முதல் நாளே ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து, "என்ன தாயி, வீட்டுல சண்டையா? பொழுது அடையிது, போ. எந்த வீட்டுலதான் சண்டை இல்ல?" என்று புத்தி சொன்னார். அவர் புத்தி சொல்லி முடிப்பதற்குள் மூன்று செய்தி போய்விட்டது. மறுநாள் அவரே, "இன்னைக்குமா?" என்றார்.

அந்த ஒலிபெருக்கியும் லேசுப்பட்டதல்ல. பாட்டு என்றால் தேனாக வரும், செய்தி என்றால் தொண்டை கட்டிக்கொள்ளும். வாட்ச்மேன் டீ குடிக்கப் போகிற அவசரத்தில் பாதியிலேயே நிறுத்திவிடுவார். கடைசிச் செய்தியை ஒரு நாளும் நான் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர், "ராஜ்ஜியம் எப்படி நடக்கு? ஒண்ணும் கொறையில்லையே?" என்பார். அடுப்பில் சோறு ஏறாத கோபம் அப்படி.

நான் அரைகுறையாகக் கொண்டுவந்ததை அவள் அப்படியே இறக்கி வைப்பாள். ஒரு நாள் நோட்டைப் பார்க்கிறேன்: "அமைச்சர் மதுரையில் என்னமோ சொன்னார்."

"என்னளா இது?"

"நீங்கதான டீச்சர் சொன்னீய, அமைச்சர் என்னமோ சொன்னாருன்னு."

"எனக்குக் கேக்கலன்னு அர்த்தம். அத எழுதுவியா?"

"சொந்த வார்த்தையில எழுதணும்னா எனக்கு வெவரம் தெரியணும்லா?"

சரி, செய்தி சொல்வது எப்படி என்று இவளுக்குப் புரிய வைப்போம் என்று நினைத்தேன். நேற்றுத் தண்ணிக் குழாயில் நடந்த சண்டையைச் சொல் என்றேன். அடேயப்பா. யார் குடத்தை யார் நகர்த்தினார்கள், எத்தனை மணிக்கு, எதற்காக, யார் விலக்கிவிட்டார்கள், இதற்கு முன்னால் அந்த இரண்டு வீட்டுக்கும் என்ன பகை, ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னாள். "இப்படித்தான் செய்தியையும் எழுதணும்" என்றேன்.

"குழாயடியில நான் நின்னேன் டீச்சர். மதுரையில நான் நிக்கலயே."

தலையில் அடித்துக்கொண்டேன். ஆனாலும் அவள் சொன்னதில் தப்பு எனக்குத் தெரியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

பேப்பர் இன்னொரு பாடு. முக்குக்கடை அண்ணாச்சி பேப்பரைத் தருவார், மறுநாள்தான், அதுவும் நடுப்பக்கம் இருக்காது. கேட்டால், "நடுப்பக்கத்துல சீனி மடிச்சுக் குடுத்துட்டேனே தாயி" என்பார்.

கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்தே என்னை வரச் சொல்லி ஆள் விட்டார்கள். டீச்சர் அறை வாசலில் நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். அந்த டீச்சர் என்னைவிடச் சின்னவர். நாசரேத் பக்கம், நன்றாகப் படித்த குடும்பம். குரலை உயர்த்தவில்லை. நோட்டைப் புரட்டி, "இத அந்தப் பிள்ள கேட்டு எழுதல. வேற யாரோ கேட்டுச் சொல்லியிருக்காங்க. அவங்களுக்கும் சரியாக் கேக்கல" என்றார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது.

"ஒரே ஒரு நாள் செய்தி போதும். முழுசா, அவளே கேட்டு, அவ வார்த்தையில எழுதிட்டு வரட்டும். வெள்ளிக்கிழமை நோட்டைப் பாத்துட்டு ஹால் டிக்கெட்டுக்குப் பேரு அனுப்பறேன். இல்லன்னா எனக்கு வேற வழி இல்ல."

இதை நான் தண்டல் வீட்டில் போய்ச் சொன்னேன். அம்மா பிளாஸ்திரியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "அண்ணன்கிட்ட சொல்லிரவேண்டியதுதான். படிப்பு அவ தலையில எழுதல" என்றாள். மகள் உள்ளே போய்க் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணிக்குப் போனாள். அந்தக் குடத்தில் ஏற்கெனவே தண்ணீர் நிறைய இருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே ட்யூஷனை விட்டிருக்க வேண்டும். விடவும் வாய் வரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். எங்கள் ஊரில் அதற்குப் பேப்பரும் வேண்டாம், ரேடியோவும் வேண்டாம். மூன்றாம் நம்பர் என்று ஒரு பையன் கத்திக்கொண்டு ஓடினால் போதும், தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிடும். தண்டலுடைய தோணி செவ்வாய்க்கிழமையே கொழும்பை விட்டது என்றார் ஒருவர். விடவே இல்லை என்றார் இன்னொருவர். கூண்டு ஆபத்து என்று மட்டும்தான் சொல்லும். புயல் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லாது.

விளக்கு வைக்கிற நேரம் நான் போனபோது அம்மா ரேடியோவுக்குக் காது ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கொழும்பு ஸ்டேஷனில் வார்த்தை ஒன்றும் இல்லை. வறசட்டியில் மணல் போட்ட மாதிரி இரைச்சல் மட்டும். கையில் செபமாலை. இரைச்சலைக் கேட்டபடியே உருட்டிக்கொண்டிருந்தாள். மகள் சுவரோரம் நின்றாள்.

எனக்கு அன்றைக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியவில்லை. "அக்கா, இந்த இரைச்சலுக்குள்ள அவங்க என்ன அறிவிச்சாலும் உங்க காதுல விழாது. புயல் எங்க போகுதுன்னு நம்ம ஸ்டேஷன்ல சொல்லுவாங்க. கேக்கீயளா, இல்ல இந்த மணலையே வறுத்துட்டு இருக்கீயளா?" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "அங்கன சொல்லுவானா?"

"சொல்லுவாங்க. செய்தி முடிஞ்சு கடைசியில."

நகத்தால் பிளாஸ்திரியைக் கீறினாள். கோந்து இறுகிப்போய் வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். மகள் வந்து திருகைத் திருப்பினாள்.

செய்தி அப்போதுதான் தொடங்கியிருந்தது. முதலில் சட்டசபை. "புயலச் சொல்லுல, மூதேவி" என்று அம்மா வாசிக்கிறவரைத் திட்டினாள். அவர் பாட்டுக்கு நெல் கொள்முதலுக்குப் போனார். பிறகு பஸ் தொழிலாளர், பிறகு மதுரையில் ஒரு திறப்பு விழா. ஒவ்வொன்றுக்கும் அம்மா ஏசினாள். மகள் எப்போது நோட்டை எடுத்தாள் என்று நான் கவனிக்கவில்லை. தரையில் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருந்தாள். அப்பா எங்கே இருக்கிறார் என்பது எந்த வார்த்தைக்குப் பின்னால் வரும் என்று தெரியாததால், ஒரு வார்த்தையையும் அவள் விடவில்லை.

கடைசியில் வானிலை. புயல் வடக்கே திரும்பிவிட்டது, நாகப்பட்டினத்துக்கும் மேலே போகிறது, தென் கடற்கரையில் கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்றார்கள்.

"வடக்கன்னா நமக்கு இல்லதான?" என்றாள் அம்மா.

"இல்ல அக்கா."

"சரி. முள்ளப் பழையபடி அங்கன வை."

மகள் திருகினாள். கொழும்பு அகப்படவில்லை. மலையாளம் வந்தது, விசில் வந்தது, யாரோ இந்தியில் சிரித்தார்கள். "தொலச்சிட்டியா? இதுக்குத்தான் தொடாதேன்னேன், ரெண்டு பேருமாச் சேந்து தொலச்சிட்டீய" என்று அம்மா எங்கள் இருவரையும் சேர்த்தே வைதாள். நான் விடைபெற்றுக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கூண்டை இறக்கினார்கள். தோணி கொழும்பிலேயே நிற்பதாக ஏஜெண்ட் ஆபீசுக்குத் தந்தி வந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் நோட்டைப் பார்த்து, "இத்தனை நாளும் இப்படி எழுத என்ன கேடு?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாராம். ஹால் டிக்கெட்டுக்குப் பேர் போய்விட்டது. சாயங்காலம் நான் பாடம் சொல்லப் போனேன். திருகில் புதுப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.