சுண்ணாம்பு பூசிய கிணறு

திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில் கல்குவாரியை இன்னும் மூன்று ஏக்கர் அகலப்படுத்தலாமா, கூடாதா என்று நேரில் பார்த்து எழுத என்னை அனுப்பினார்கள். ஐம்பதுகளின் கடைசி. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வேலைக்கு நான் புதிது. வெடியையும் தூசியையும் நிலத்தடித் தண்ணீரையும் எடைபோட என்னிடம் இருந்தது ஒரு சைக்கிளும் குடையும்தான்.

ஆட்சேபணை மனு கொடுத்தவர் குவாரியை ஒட்டி ஒன்றரை ஏக்கர் வைத்திருந்த விவசாயி. வெடி அதிர்ச்சியில் கிணற்றுச் சுவர் விரிசல் விட்டுவிட்டது, ஊறுகிற தண்ணீரெல்லாம் குழிப்பக்கம் இறங்கிவிடுகிறது, மல்லாட்டைச் செடி, அதாவது வேர்க்கடலை, கல்தூசியில் வெளுத்துவிட்டது என்று எழுதியிருந்தார். இன்னும் அகலப்படுத்தினால் கிணறு போய்விடும். கிணறு போனால் அந்த நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நான் போன அன்று ஒரு வெடிச் சத்தம்கூட இல்லை. ஆபீசர் வருகிறார் என்று மரியாதைக்காக நிறுத்தியிருந்தார்களாம். செடிகள் பச்சைப் பசேலென்று நின்றன. கிணற்றில் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர். சுவர் புதுச் சுண்ணாம்பில் கண்ணைப் பறித்தது. வேறு யார் கிணற்றுக்கோ வந்துவிட்டேனோ என்று சர்வே நம்பரை இரண்டு தரம் சரிபார்த்தேன்.

விரிசல் எங்கே ஐயா என்று எரிச்சலோடு கேட்டேன்.

"பூசிட்டேங்க. நீங்க வர்ற எடத்த அப்படியே வுடுவாங்களா?" என்றார் அவர். முகத்தில் பெருமை.

ஜமாபந்திக்கு அதிகாரிகள் வந்தால் சாவடிக்கு வெள்ளையடித்துத் தோரணம் கட்டுவார்கள். அரசாங்கத்து ஆளை வரவேற்க அந்த ஊருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். நான் கால் கழுவத் தண்ணீர் வேண்டுமே என்று ஐந்து நாளாக மாடு கட்டிக் கவலை இறைக்காமல் கிணற்றை ஊற விட்டிருந்தார். அவரும் அவர் மனைவியுமாக ஏரியிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து செடிகளைக் கழுவியிருந்தார்கள்.

மனுஷா, உன் சாட்சியை நீயே கழுவி விட்டாயே என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அதற்குள் கல் உடைக்கிற பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். கையகல நிலமும் இல்லாதவர்கள். பழைய குழியில் கல் தீரப்போகிறது, அகலப்படுத்தாவிட்டால் கூழுக்குக் கேப்பை வாங்க எங்கே போவது என்று கேட்டார்கள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

கிணற்றில் தண்ணீர் உள்ளது, விரிசல் காணப்படவில்லை என்று எழுதினேன். என் வருகையை முன்னிட்டு விரிசல் பூசப்பட்டதாக மனுதாரர் தெரிவிக்கிறார் என்றும் கீழே சேர்த்தேன். மேலதிகாரி சிரித்துக்கொண்டே கீழ் வரியை அடித்தார். பார்த்ததை எழுது, கேட்டதை எழுதாதே என்றார். அடித்தது போக மிச்சமிருந்ததில் பொய் எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டேன். செய்தது சரியா தப்பா என்று அன்றும் தெரியவில்லை, பிறகும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு கோடையில், வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். குழி அந்த விவசாயியின் வரப்பு வரை வந்திருந்தது. கிணற்றை எட்டிப் பார்த்தேன். அடியில் ஈரம்கூட இல்லை. நிலத்தில் ஒரு செடி இல்லை.

குவாரியில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்ததும் சுத்தியலை வைத்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். அவரேதான். எனக்கு வெட்கமாக இருந்தது. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் என் தூசி படிந்த கால்களைப் பார்த்துவிட்டுச் சங்கடத்தோடு சொன்னார்:

"வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லி அனுப்பி இருந்தா, எங்கனா போயி ஒரு கொடம் தண்ணி தூக்கிக்கினு வந்து வெச்சிருப்பேனுங்களே."