காட்டிக்கொடுக்காத ஈயம்

ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் அக்காவுக்கு ஈயத்தை உருக்கி வயர்களை ஒட்டும் சால்டரிங் வேலை. பழைய ஈயக் கம்பி, சூட்டை எடுத்ததும் சட்டென்று இறுகிவிடும். முதலாளி இப்போது புதிதாக வாங்கிய மலிவுக் கம்பியில் கலவை வேறு. சில நொடிகள் சேறுபோல் நின்றுதான் இறுகும். அதற்குள் வயர் அசைந்தால் இணைப்பு மங்கலாகி, பிறகு விட்டுப்போகும்.

இந்த வாரம் ஒன்பது ரேடியோக்கள் திரும்பி வந்தன. சாயங்காலம் நான் அவளை அழைத்துவரப் போனபோது முதலாளி கத்திக்கொண்டிருந்தார்.

“ஈயம் சரியில்லண்ணே” என்றாள் அக்கா.

“நானும் அதே ஈயத்துலதானேம்மா பத்த வச்சேன்? கண்ணாடி மாதிரி மின்னுது பாரு. நாளையிலேர்ந்து நீ ரேடியோப் பெட்டியத் துடைச்சா போதும்.”

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்கு வரும் வழியில்தான் சொன்னாள்:

“போன வருஷம் நீ ஊர் சுத்தப் போனப்பவே கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சுடி. பழைய ஈயம் காட்டிக்கொடுக்கல.”