சுரங்கத்தில் எனக்கு மட்டும் இருட்டு

அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடிகளின் தலையை வெட்டும் அந்தக் கத்தியை அவர் நாற்பத்திரண்டு வயதிலேயே கீழே வைக்க வேண்டியதாயிற்று. முதலில், பொழுது சாய்ந்தால் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுப் படி தெரியவில்லை என்றார். பிறகு மப்பும் மழையுமான பகலிலும் தடுமாறினார். கண்ணுக்குள் இருக்கிற திரை கெட்டுப்போகும் வியாதி, பிள்ளைகளுக்கும் வரலாம் என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எனக்கு அப்போது பதினைந்து வயது. அந்த 'வரலாம்' என்ற சொல் என்னோடு கூடவே வளர்ந்தது.

ஏ.எல். பரீட்சை எழுதிப் பள்ளிக்கூடம் முடிந்ததும் பசறை டவுனில் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். இரண்டாயிரமாம் ஆண்டைத் தாண்டிய முதல் சில வருடங்கள். புடவைக் கடைக்கு மேல்மாடியில் ஆறு மெஷின்கள். தோட்டத்தின் பக்கத்து டிவிஷனிலிருந்து என் சிநேகிதனும் வந்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவர்கள். என் வீட்டில் அவனுக்குத் தெரியாத சங்கதி எதுவும் கிடையாது.

சனிக்கிழமை மத்தியானம் பாடம் முடிந்ததும், வகுப்பு நடத்தும் மிஸ் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரில் விளையாட விடுவார். கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்றுக்குள் இரண்டு பேர் ஒருவரையொருவர் தேடிச் சுட வேண்டும். மெஷின்களை வயரால் இணைத்திருந்தார்கள். அவன் மூலையில், நான் வாசல் பக்கம், முதுகுக்கு முதுகு.

முதல் வாரம் இருவருக்குமே ஒன்றும் புலப்படவில்லை; சுவரில் முட்டிக்கொண்டு சிரித்தோம். அடுத்த வாரத்திலிருந்து அவன் மாத்திரம் பட்டப்பகலில் நடப்பதைப் போல நடந்தான். நான் திரும்புவதற்குள் செத்திருப்பேன். செட்டிங்ஸுக்குள் போய்த் தேடினேன். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க இருந்தது, மவுஸின் வேகத்துக்கு இருந்தது. வெளிச்சத்துக்கு ஒன்றுமே இல்லை. மானிட்டர் பட்டனை முழுசாகக் கூட்டினேன். கறுப்பு சாம்பலானதுதான் மிச்சம்.

"ஒனக்கு எப்புடிடா தெரியுது?"

"கண்ணு பழகிருச்சு. ஒனக்கு இன்னும் பழகலையா?"

அதைச் சாதாரணமாகத்தான் கேட்டான். ஆனால் இருட்டுக்குக் கண் பழகாமல் போவதுதான் அப்பாவின் வியாதிக்கு ஆரம்பம். அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்கு அது விளையாட்டாக இல்லை, பரீட்சையாக இருந்தது. ஒவ்வொன்றிலும் தோற்றேன். ஒருநாள் பஸ்ஸில் அவனிடம் சொல்லியே விட்டேன்: "எனக்கும் அப்பா மாதிரி வந்துருச்சு போல."

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். "டாக்டர்கிட்டக் காட்டிப் பாரு" என்றான்.

வகுப்பை நிறுத்தினேன். திரையைப் பார்த்தால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்று பயம். மிஸ்ஸிடம் வீட்டு வேலை என்று பொய் சொன்னேன். எங்கள் இரண்டு பேரில் ஒருவரை உதவி ஆசிரியராக எடுத்துக்கொள்வதாக அவர் சொல்லியிருந்தார். அந்த ஆசையையும் விட்டேன். அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். சிநேகிதன் வீட்டுக்கு வந்து அம்மாவுக்குத் தைரியம் சொன்னான், ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டான். "ஒண்ணும் இருக்காதுங்கம்மா, நான் கூடப் போறேன்."

சொன்னபடியே வந்தான். ஆறு வாரம் கழித்துக் கிடைத்த தேதியில், பதுளை ஆஸ்பத்திரி கண் கிளினிக்கில் காலை முழுக்க என் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தான். என் நம்பர் துண்டு அவன் கையில்தான் இருந்தது. சொட்டு மருந்து விட்டு, நேரம் எடுத்துப் பார்த்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"தம்பி, உங்கட கண்ணில ஒரு குறையும் இல்லை. ஏன் இப்பிடிப் பயந்தனீங்கள்?"

மருந்தில் எல்லாமே கலங்கித் தெரிந்தது. அவன் என் கையைப் பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டி வந்தான். நான் அழுதேன். "அதான் சொன்னேன்ல" என்றான். பஸ் வரும்வரை என் கையை விடவில்லை. எனக்காகச் சந்தோஷப்படுகிறான் என்று நினைத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை வகுப்புக்குத் திரும்பினேன். உதவி ஆசிரியர் வேலைக்கு அவனை எடுத்து ஒரு வாரமாகியிருந்தது. அவன் ஏதோ வேலையாக வெளியே போயிருந்தான். மிஸ் என்னை மூலை மெஷினில் உட்காரச் சொன்னார். ஒரு ஆசையில் அந்த விளையாட்டைத் திறந்தேன். சுரங்கத்தின் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. மரத்தூண்களில் இருந்த வெடிப்பு தெரிந்தது.

"மிஸ், இதுல மட்டும் எப்புடி வெளிச்சமா இருக்கு?"

"அந்த கேம்ல வெளிச்சம் கூட்ட வழியில்லைங்க. ஒங்க சிநேகிதரு முதல் வாரமே வந்து கேட்டாரு. ஃபோல்டருக்குள்ள ஒரு ஃபைல் இருக்கு, அதுல காமான்னு ஒரு வரி. அந்த நம்பர கூட்டினா வெளிச்சம் வந்துரும். ரெண்டு மெஷின்லயும் மாத்தச் சொன்னேனே, சொல்லலையா?"

வாசல் பக்கத்து மெஷினில் அந்த ஃபைலைத் திறந்து பார்த்தேன். அந்த வரியில் நம்பரை யாரும் தொடவில்லை; ஆரம்பத்தில் இருந்த ஒன்றுதான் இருந்தது.

மாடிப்படியில் அவனைப் பிடித்தேன். காமா என்ற வார்த்தையைச் சொன்னதுமே முகம் மாறிவிட்டது.

"மொதல்ல வெளையாட்டுக்குத்தான்டா செஞ்சேன். ஜெயிக்கணும்னு."

"நான் கண்ணு போச்சுன்னு சொன்ன அன்னைக்கு?"

அவன் என்னைத் தாண்டி மேலே ஏறப் பார்த்தான்.

"ஆஸ்பத்திரியில பக்கத்துலயே ஒக்காந்திருந்தியேடா. அப்பக்கூடச் சொல்ல வாய் வரலையா?"

"அப்பறம் எப்புடிச் சொல்றதுன்னு தெரியலடா."

"அந்த வேலைக்காகவா?"

"தெரியல" என்றான்.

இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். பொய் சொல்லத் தெரிந்தவன் அந்த ஒரு பொய்யை எனக்குச் சொல்லவில்லை.

அவனிடம் மாணவனாக இருந்து படிக்க என்னால் முடியவில்லை. பண்டாரவளையில் வேறு வகுப்பில் சேர்ந்து முடித்து, அங்கேயே ஒரு அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் வேலைக்குப் போனேன். நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிற வேலை. கண் இன்றுவரை நன்றாக இருக்கிறது.

நடந்ததை வீட்டில் சொல்லவில்லை. அவன் வருவது நின்றுபோனதும் அம்மா வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தாள்: "ஆஸ்பத்திரிக்கெல்லாம் ஒங்கூட வந்த பிள்ளை. நீ என்னடா பண்ணுன அவன?"