என்கிட்ட மட்டும் சொன்ன வார்த்தை

"நீ டாக்டரா, டீச்சரா?"ன்னு வீட்டுக்காரம்மா கேட்டப்ப நான் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகலை. ரெண்டும் இல்ல, பேச்சு வராத புள்ளைகளுக்குப் பேச்சும் பழக்கமும் படிப்படியாச் சொல்லிக் கொடுக்கிற வேலைன்னேன். "அதுக்குன்னு ஒரு படிப்பா? நல்ல கூத்தா இருக்கே!"ன்னு சிரிச்சிட்டுப் போயிட்டாவ. கோவில்பட்டியில இருந்த காலம் முழுக்க இதே கேள்விதான். பிஹேவியர் அனலிஸ்ட்னு சொன்னா ஒரு பயலுக்கும் புரியாது. எனக்குத் தெரிஞ்சு இந்தச் சுத்துவட்டாரத்துல இந்த வேலை பாக்க இன்னொரு ஆள் கிடையாது. ஒரு சந்தேகம்னா போன்ல, சென்னையில எனக்குச் சொல்லிக் கொடுத்த மேடத்தைக் கூப்பிடணும். மத்தபடி ரூமுக்கு வந்தா நானும் மின்விசிறியும்தான்.

அமெரிக்காவுல கொடுக்கிற சான்றிதழுக்குத்தான் நான் படிச்சேன். மேற்பார்வையில வேலை பாக்கவேண்டிய மணிநேரம் பாதிக்கு மேல முடிஞ்ச நேரத்துல, இனி நம்ம நாட்டு ஆளுகளுக்கு அது கிடையாதுன்னு மெயில் வந்துச்சு. சரி, இங்கனயாவது அரசாங்கப் பதிவேட்டுல பேரைப் பதிவு பண்ணுவோம்னு பாத்தேன். ஸ்பெஷல் எஜுகேட்டருக்கு உண்டு, ஸ்பீச் தெரபிஸ்டுக்கு உண்டு, என் வேலைக்குன்னு அதுல ஒரு இடமே இல்ல. படிச்ச படிப்பு அந்தரத்துல நின்னுச்சு.

நான் வேலை பாத்த தெரபி சென்டர்ல ஆறு வயசுப் பொம்பளப்புள்ள ஒண்ணு வந்துக்கிட்டு இருந்தா. அவ அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குற வேலை. காலையில கழுகுமலை பஸ்ல வந்து இறங்கி, புள்ளைய என்கிட்ட விட்டுட்டு ஓடுவா. பல மாசம் ஒரு சத்தமும் இல்ல. ஒரு நாள் நான் டம்ளரை நீட்டிக்கிட்டே காத்திருந்தப்ப, "தண்ணி"ன்னா. அடியே என் தங்கம்! நான் அவளத் தூக்கிச் சுத்தினேன். அன்னையிலருந்து தாகம் எடுத்தா என்கிட்ட வந்து சொல்லுவா.

இங்கனதான் நான் தப்புப் பண்ணினேன். ஒரு வார்த்தை வந்துட்டா வேற வேற ஆளு, வேற வேற இடம்னு மாத்தி மாத்திப் பழக்கணும். இல்லேன்னா புள்ள ஒரே ஆளோட நின்னுபோகும். எங்க தொழில்ல இது முதல் பாடம். நான் நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளினேன். உண்மையச் சொல்லுதேன், உலகத்துல என்கிட்ட மட்டும் ஒரு ஜீவன் பேசுதுங்கிறது எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

அப்பத்தான் சென்டருக்கு அங்கீகாரம் கொடுக்க அதிகாரிங்க பாக்க வாராவன்னு பேச்சு வந்துச்சு. பதிவு உள்ளவங்கதான் தெரபி பாக்கலாமாம். சென்டர் நடத்துற அண்ணாச்சி என்னையக் கூப்பிட்டு, "உங்களை ஆயான்னு போட்டுக்கிடுதேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க"ன்னாவ. வந்துச்சே எனக்குக் கோவம்! "மாசக் கடைசியோட நான் நின்னுக்கிடுதேன், அண்ணாச்சி"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். வெளிய வந்த பிறகுதான் புள்ள ஞாபகம் வந்துச்சு. நான் போயிட்டா அந்தப் புள்ள யாருகிட்ட தண்ணி கேக்கும்?

மறுநாளே அவ அம்மாவ லீவு போட வச்சேன். டம்ளரை அம்மா கையில கொடுத்துட்டு நான் பக்கத்துல உக்காந்தேன். புள்ள அம்மாவைப் பாக்கவே இல்ல, என் துப்பட்டாவைப் பிடிச்சு இழுத்து அழுதா. "நான் பெத்த புள்ள என்கிட்ட பேச மாட்டேங்குதே டீச்சர்"னு அந்தம்மா கண்ணு கலங்கிட்டா. தப்பு என்மேலதான்னு எல்லாத்தையும் சொன்னேன். திட்டுவான்னு பாத்தா, "இருக்கட்டும் டீச்சர், உங்ககிட்டயாவது பேசினாளே"ன்னா. அதைவிட நாலு வசவு வஞ்சிருக்கலாம்.

பிறகு தினமும் வேலைக்குப் போகுமுன்ன அவ கொஞ்ச நேரம் இருந்தா, நானும் கொஞ்சம் கொஞ்சமா நகந்தேன். பக்கத்துலருந்து பின்னால, பின்னாலருந்து வாசப்படி. கடைசி நாளு கதவையும் சாத்திட்டு வெளிய நின்னேன். உள்ள அம்மாவும் புள்ளையும் மட்டும்.

"தண்ணி."

"ஏட்டி! என்ன சொன்ன? இன்னொருக்க சொல்லு!"

இன்னொருக்கயும் சொன்னா. உள்ள அம்மா சிரிக்கா, அழுதா, போன்ல யாரையோ கூப்பிட்டுச் சொல்லுதா. நான் கதவுல காதை வச்சுக்கிட்டு நின்னேன். புள்ள என்னையத் தேடக்கூடாதுன்னுதானே அம்புட்டுப் பாடும் பட்டேன். தேடலை. தேடலையேன்னு படிக்கட்டுல உக்காந்து அழுதேன்.