ஐந்து நாள் காய்ந்த படகு

என் பத்தாவது வயதில் நான் சொன்ன ஒரு பொய்யால், ஏழு வருஷம் ஒரே படகில் உட்கார்ந்து மீன் பிடித்த இரண்டு பேர் பிரிந்தார்கள். ஒருவர் என் தாய்மாமன். மற்றவர் ஊ லூ பே என்ற பர்மியப் படகுத் தச்சர். சிறுபிள்ளை அறியாமல் செய்தது என்று என்னை யாரும் தேற்றவேண்டாம். என்ன செய்கிறேன் என்று தெரிந்துதான் செய்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நாங்கள் ரங்கூனில், பசுண்டாங் ஓடைக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். ஓடை என்றுதான் பெயர். கடலின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து ஏறி வடிகிற அகலமான நீர். கரை நெடுக அரிசி ஆலைகள். மாமா அவற்றில் ஒன்றில் குமாஸ்தா. கலியாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, லுங்கியைக் கட்டிக்கொண்டு மீன் பிடிக்கப் போய்விடுவார்.

இதில் வேடிக்கை என்னவென்றால் நாங்கள் சுத்த சைவம். மாமா ஒரு துண்டு மீனை வாயில் வைத்தவரில்லை. பிடித்த மீனையெல்லாம் ஊ லூ பேயின் வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். அவர் திரும்பி வந்ததும் அம்மா கொல்லைக் கதவிலேயே மறித்துக்கொள்வாள்.

"அப்படியே நில்லு. நாலு வாளி ஊத்திக்கிட்டு வா. திங்காத மீனைப் பிடிக்கிறதுக்கு ஒரு படகு, ஒரு தூண்டில், ஒரு பர்மாக்காரன் துணை! வேற யாராவது கேட்டா சிரிப்பாங்க."

"நீ கோலம் போடறியே, அதைத் திங்கவா போடறே?" என்பார் மாமா, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே.

அவருக்குப் பிடித்தது கொடுவா. அதைப்பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். கொடுவா வெயிலில் அலையாது. ஆலைப் படித்துறைகளின் மரக்கால்களுக்கு இடையே, நிழலில் கிடக்கும். நீர் ஏறி முடிந்து வடியத் தொடங்கும் அந்தக் கால் மணி நேரம்தான் அதற்குப் பசி. உயிருள்ள இறாலை வாலருகே குத்தி, நூலை இழுக்காமல் ஓட்டத்தோடு விடவேண்டும். கடித்ததும் அது தண்ணீருக்கு மேலே துள்ளித் தலையை உதறும். அந்த நேரத்தில் தூண்டில் கோலைத் தாழ்த்தாதவன் மீனை இழந்துவிடுவான். இதெல்லாம் ஊ லூ பே சொல்லிக் கொடுத்தது. மாமாவிடம் இருந்த நல்ல கோலும் நூல் சுற்றும் சுருளும் சீமைக்குத் திரும்பிய ஆலை வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுவிட்டுப் போனவை. ஊ லூ பே வெறும் மூங்கில் கழியால், மாமாவைவிட அதிகமாகப் பிடிப்பார்.

ஊ லூ பேயை நான் ஊலே என்று கூப்பிடுவேன். பர்மியில் மாமா முறை. கரை ஓரத்தில் இருந்தது அவர் பட்டறை. நெல் படகுகளின் பலகை இடுக்குகளில் பஞ்சையும் குங்கிலியத்தையும் அடைக்கும் வேலை. எங்கள் பக்கத்தில் அதைக் கலப்பத்து என்பார்கள். ஆலைக் கூலிகளிடம் கற்ற தமிழ் அவருக்குத் தாராளமாக வரும். மாமாவைச் 'சயா' என்பார். வாத்தியாரையும் குமாஸ்தாவையும் பர்மியர் அப்படித்தான் மரியாதையாக அழைப்பார்கள்.

மாமாவின் படகு ஒரு சின்னச் சம்பான். வருஷம் ஒருமுறை, பங்குனிக் கடைசியில், அதைக் கரையேற்றுவார்கள். அடியில் பிடித்த பாசியைச் சுரண்டி, ஊலே இடுக்குகளைப் புதிதாக அடைத்து, வெளிப்புறம் முழுக்கக் கறுப்பு எண்ணெய் பூசுவார். பிறகு இரண்டு வாரம் அது கரையிலேயே கிடக்கவேண்டும். அந்த இரண்டு வாரம்தான் கஷ்டமானது. வெளியே எண்ணெய் காயவேண்டும், உள்ளே மரம் காயக்கூடாது. அந்த மாத வெயிலில் பலகை சுருங்கினால் எப்பேர்ப்பட்ட அடைப்பும் விட்டுப்போகும். ஆகவே தினம் இரண்டு வேளை உள்ளே தண்ணீர் ஊற்றி, நனைத்த சாக்கால் மூடிவைக்கவேண்டும். அந்த வருஷம் அந்த வேலையை மாமா எனக்குக் கொடுத்தார். நானேதான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்கென்று ஒரு புதுத் தகர வாளியும் கிடைத்தது.

எட்டு நாள் ஒழுங்காக ஊற்றினேன். ஒன்பதாம் நாள் திஞ்சான் வந்தது.

திஞ்சான் பர்மியர்களின் புதுவருஷம். எங்கள் சித்திரைப் பிறப்பும் அதையொட்டியே வரும். ஊரே ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும். பெரியவர்கள் வெள்ளிக் கிண்ணத்தில் எடுத்து, அனுமதி கேட்டு, தோளில் மெல்ல ஊற்றுவார்கள். பிள்ளைகளுக்கு அனுமதி கினுமதி எல்லாம் கிடையாது. காலையில் நான் வாளியோடு படகுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, தெருமுனையில் பர்மியப் பையன்கள் என் வாளியைப் பார்த்துவிட்டார்கள். அவர்களிடம் இருந்தவை மூங்கில் பீச்சாங்குழலும் தேங்காய்ச் சிரட்டையும். என்னுடையது முழு வாளி. "லா! லா!" என்று கூப்பிட்டார்கள். வா, வா என்று அர்த்தம். போனேன்.

ஐந்து நாள் போனேன். போஸ்ட்மேன்மேல் ஊற்றினேன், குதிரைவண்டிக்காரர்மேல் ஊற்றினேன், குதிரைமேலும் ஊற்றினேன். ரங்கூனில் அந்த ஐந்து நாளில் நனையாமல் இருந்தது எங்கள் படகு ஒன்றுதான். "படகுக்கு ஊத்தினியாடா?" என்று மாமா கேட்டபோதெல்லாம், சொட்டச் சொட்ட நின்றுகொண்டு "ஊத்தினேன் மாமா" என்றேன். அவர் என் சட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

ஆறாம் நாள் படகுக்குப் போய், ஐந்து நாளுக்கும் சேர்த்து இருபது வாளி ஊற்றினேன். ஊற்றிய தண்ணீர் உள்ளே நிற்கவில்லை. பக்கப் பலகைகளின் இடுக்கு வழியாக நூல் நூலாக வெளியே வழிந்தது. அடைத்த பஞ்சு ஓரிடத்தில் விரலளவு பிதுங்கித் தொங்கியது. அப்போதாவது ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். பட்டறை கூப்பிடு தூரம். நான் ஓடைக் களிமண்ணைப் பிசைந்து இடுக்குகளில் அப்பி, பக்கத்தில் கிடந்த எண்ணெய்த் தகரத்தின் அடியில் மிஞ்சியிருந்த கறுப்பு எண்ணெயை மேலே தடவினேன். பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. என் கைத்திறமையை எண்ணி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படகை நீரில் தள்ளினார்கள். கரையில் நான் நின்றேன். வெற்றுப் படகாக மிதந்தபோது ஒன்றும் ஆகவில்லை. இருவரும் ஏறியதும் அது தாழ்ந்து, பக்க இடுக்குகள் நீருக்குள் போயின. நடு ஓடைக்குப் போகும்வரை மண் தாங்கியது. ஒரு நீராவிப் படகு பக்கத்தில் போய் அலையைக் கிளப்பியதும் கரைந்துவிட்டது.

மாமாவுக்கு நீந்தத் தெரியாது. அவர் எழுந்து நின்றதும், படகு ஒரு பக்கமாகச் சாய்ந்ததும், கோலும் சுருளும் நழுவி விழுந்ததும் எனக்குத் தெரிந்தது. அப்புறம் ஊலேயின் கை மாமாவின் குடுமியைப் பற்றியிருந்தது. அப்படியே இழுத்துக்கொண்டு, நங்கூரம் போட்டிருந்த ஒரு நெல் படகின் கயிற்றைப் பிடித்துவிட்டார். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை.

கரைக்குக் கொண்டுவந்தபோது ஆலை ஆட்களும் நெல் படகுக்காரர்களும் கூடிவிட்டார்கள். மாமா இருமிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் ஒருவன், "கிளார்க்கையா மீனுக்கு விருந்து போட்டுட்டு வந்திருக்காரு!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவின் முகம் மாறிவிட்டது. என்னைப் பார்த்தார்.

"தண்ணி ஊத்தினியா இல்லியா? உண்மையைச் சொல்லு."

"ஊத்தினேன் மாமா. தினம் ரெண்டு வேளை."

மாமா ஊலேயின் பக்கம் திரும்பினார். தன்னைத் தண்ணீரிலிருந்து இழுத்துவந்து இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார்.

"என்ன அடைச்சே லூ பே? உன்னை நம்பி ஏறினேனே. இதுதான் உன் வேலையா?"

ஊலே, கரைக்கு இழுத்துக் கவிழ்த்திருந்த படகின் அருகே போய், ஓர் இடுக்கில் விரலை ஓட்டினார். விரல் நுனியில் களிமண் ஒட்டியிருந்தது. என்னை ஒருமுறை பார்த்தார். விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார்.

அதன்பிறகு மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்தார். "அப்பாடா, வீட்டில மீன் வாடை இல்ல" என்று அம்மா சந்தோஷப்பட்டாள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவளுக்கே பொறுக்கவில்லை. "சும்மா சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கியே, எங்கியாவது போய்ட்டு வாயேன்டா" என்றாள். மாமா எழுந்திருக்கவில்லை. கரையிலோ பேச்சு பரவிவிட்டது. ஊலேயிடம் வரவேண்டிய இரண்டு நெல் படகுகள் ஊரின் மறுகோடியான க்யிம்யிண்டைங்கில் வேறொரு தச்சரிடம் போய்விட்டன. பட்டறைக்கு முன்னால் வெறும் தரை கிடந்தது.

நான் என்னால் முடிந்ததைச் செய்து பார்த்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் மாம்பழங்களை எடுத்துப்போய் ஊலேயின் மனைவியிடம் கொடுத்தேன். அவர் என் கன்னத்தைத் தட்டி, கை நிறைய வெல்லக் கட்டி கொடுத்தனுப்பினார். நிலைமை இன்னும் மோசமாயிற்று. வெல்லத்தை என்னால் தின்ன முடியவில்லை.

வைகாசியில் ஒரு சாயங்காலம், மேகம் கறுத்து நின்றபோது, பட்டறைக்குப் போய் ஊலேயின் எதிரில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உளியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்.

"தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுமா மாமாகிட்டச் சொல்லல?"

"சயா உன்னைக் கேட்டார். என்னைக் கேக்கலியே." உளியின் முனையைக் கட்டைவிரலால் சோதித்தார். "நீ போய்ச் சொல்லு தம்பி. மழைக்கு முன்னால சொல்லு. மழை வந்தா மரம் ஊறி எல்லா இடுக்கும் தானா மூடிக்கும். அப்புறம் நீ சொன்னாலும் யாரும் நம்பமாட்டாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் அழுதேன்.

அன்றே மாமாவிடம் சொன்னேன். அடிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் அடிக்கவில்லை. கோட்டைப் போட்டு, பொத்தான்களை எல்லாம் மாட்டி, ஆபீசுக்குப் போவதுபோல என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். ஆலை விட்டு ஆட்கள் வெளியே வரும் நேரம். பட்டறை வாசலில், அத்தனை பேர் பார்க்க, மாமா சேற்றில் மண்டியிட்டு, பர்மியர் பெரியவர்களை வணங்குவதுபோல இரு கையையும் குவித்தார்.

"லூ பே, உன் வேலையில குத்தமில்ல. எங்க வீட்டுப் பிள்ளை படகைக் காயவிட்டுட்டான். நான் விசாரிக்காம பேசிட்டேன்" என்று தமிழில் ஒருமுறையும் பர்மியில் ஒருமுறையும் உரக்கச் சொன்னார்.

"எழுந்திரிங்க சயா, எழுந்திரிங்க. கோட்டு கெட்டுப்போகும்" என்று ஊலே பதறி அவரைத் தூக்கினார். உள்ளே உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். இருவரும் பழையபடி பேசிச் சிரித்தார்கள். எனக்கு மார்பிலிருந்து பெரிய மூட்டையை இறக்கிவைத்தாற்போல் இருந்தது. நெல் படகுகளும் ஒன்றிரண்டாகத் திரும்பி வந்தன.

மழைக்காலம் முடிந்து, அவர்கள் மறுபடி மீன் பிடிக்கப் போனார்கள். சம்பானை ஊலே புதிதாக அடைத்திருந்தார். தண்ணீர் இறைக்கும் வேலை என்று சொல்லி என்னையும் நடுவில் உட்காரவைத்துக்கொண்டார்கள். முதல் நாளே மாமாவுக்கு என் இடுப்பு உயரக் கொடுவா ஒன்று மாட்டியது. அது துள்ளியபோது ஊலே "கோல்! கோல்!" என்று கத்தினார். மாமா ஊலே கொடுத்த மூங்கில் கோலைத் தாழ்த்தினார், மீன் வந்தது. எங்கள் சந்தோஷத்துக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

ஒன்றே ஒன்றுதான் புதிது. கிளம்புவதற்கு முன் ஊலே கயிற்றை அவிழ்க்காமல் நிற்பார். "சயா, வந்து பாருங்க" என்பார். குரலில் கோபமோ கிண்டலோ இருக்காது. மாமா கீழே இறங்கி, ஒவ்வோர் இடுக்கிலும் முன்னிலிருந்து பின்வரை கட்டைவிரலை ஓட்டி, "நல்லாருக்கு லூ பே" என்பார். அதன் பிறகுதான் படகு நகரும். முந்திய ஏழு வருஷத்தில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. "வேண்டாம் லூ பே, நீ செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்று மாமா இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். "இல்ல சயா, பாத்துடுங்க" என்று ஊலே கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். மாமா ஊரை விட்டுப் போகும்வரை, ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அது தவறவில்லை.

படகு வைத்திருப்பவர்கள் கடைப்பிடிக்கவேண்டிய நல்ல பழக்கம் என்றுதான் நான் அதை எடுத்துக்கொண்டேன். என் பள்ளி நோட்டில், 'புறப்படுமுன் இடுக்குகளைத் தொட்டுப் பார்க்கவும்' என்று எழுதிக்கூட வைத்தேன். மாமா ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொண்டே தடவுவார். குனிந்து செய்யவேண்டிய வேலை, அதனால் குனிகிறார் என்று நினைத்தேன்.