காயத்ரி வீட்டு வாளியில் வள்ளியம்மாளின் புழு

எங்கள் பிளாக் வள்ளியம்மாளுக்குப் பொறாமை வந்தால் மைன்ஸில் நிலக்கரி தானாகப் பற்றிக்கொள்ளும். காடாம்புலியூரில் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். போனில் எழுதத் தெரியாது. பட்டாம்பூச்சிப் படம் போடும் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்ததும் எல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான். அவர் பேசினால் கோயம்புத்தூருக்குப் போன் இல்லாமலே கேட்கும்.

குழுவை நடத்தும் சுப்புலட்சுமி டீச்சர் இருப்பது கோயம்புத்தூரில்தான். ஞாயிறுதோறும் நல்ல படம் ஒன்றைக் குழுவின் முகப்பில் வைப்பார். பக்கத்து வீட்டுக் காயத்ரியின் படம்தான் அங்கே குடியிருந்தது. வள்ளியம்மாள் படத்துக்கு வெறும் கட்டைவிரல்.

"அவகிட்ட கதையா பேசறாங்க. எனக்கு மட்டும் வெரலக் காட்டறாங்க. நான் என்னா லாரியா, லிப்டு கேக்குறதுக்கு?"

ஒரு ஞாயிறாவது முகப்பில் தன் படம்தான் என்று வள்ளியம்மாள் முடிவு செய்தார். கொல்லை எருக்கஞ்செடியில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு ஒன்று இருந்தது. காயத்ரி கண் படாமலிருக்க, கட்டிலில் கிடந்த கொசுவலையை அவிழ்த்துச் செடிக்குக் கட்டினார்.

"கொசு என்னைத் தூக்கிக்கினு போவுதுடி" என்றார் கணவர் ராமலிங்கம்.

"எங்க தூக்கிக்கினு போவும்? ஷிப்டுக்குத்தான? பஸ்ஸு மிச்சம்."

ஆனால் கொழுத்த புழு கூடு கட்ட இடம் தேடி ஊர்ந்துவிடும். இதுவும் வலைக்கடியில் நுழைந்து, சுவரேறி, காயத்ரியின் வாளி விளிம்பில் பச்சைக் கூடாகத் தொங்கியது.

பத்து நாள் போய், ஒரு ஞாயிறு காலை கூடு கறுத்திருந்தது. பூச்சி வெளியே வரும் நேரம். இருவரும் வாளிக்கு இரு பக்கமும் போனோடு நின்றார்கள்.

"இது எங்க வூட்டுப் புழு. எங்க எருக்கந்தழையத் தின்னு கொழுத்தது. நான்தான் படம் எடுப்பேன்."

"கூடு கட்டினது எங்க வாளியிலக்கா. அதைத் தொடாம நான் சொம்புல குளிச்சிட்டிருக்கேன்!"

"குளிச்ச மூஞ்சியப் பாரு! டீச்சர்கிட்டயே கேட்டுடலாம்."

இருவரும் முதுகைத் திருப்பிக்கொண்டு டீச்சருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்கள். ஒருவர் முடிப்பதற்குள் மற்றவர். புகார் அத்தனையும் கேட்க டீச்சர் லீவு போட வேண்டும். திரும்பிப் பார்த்தால் வெறும் கூடு. பூச்சி இறக்கை காயவைத்துப் பறந்தே போயிருந்தது.

கொஞ்ச நேரத்தில் குழுவில் ஒரு படம். அடுத்த பிளாக் வேணுவின் செம்பருத்தியில் புத்தம்புது வெந்தய வரியன். "வேணு, ஆஹா!" என்று தொடங்கிய டீச்சர் நிறுத்தவேயில்லை. படம் முகப்பில் ஏறியது.

"அந்த ரெக்க எனக்குத் தெரியாதா? எம் புள்ளடி அது!" என்றார் வள்ளியம்மாள்.

"எங்க வாளில பொறந்ததுக்கா! இவன் ஒரு தழை பறிச்சுப் போட்டானா?" என்றாள் காயத்ரி.

"இந்தப் படத்துக்குக் குழுவுல கை தட்டின, உன் வூட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்."

"நானா தட்டுவேன்?"

சாயங்காலம் வேணு சிரித்துக்கொண்டே வந்தான். "அக்கா, நம்ம படம் பாத்தீங்களா?"

"நெட்டு இல்ல தம்பி" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

இருவர் கையிலும் போன் டிங்கென்றது.