நாற்றம் போன விரால்

மேல்விஷாரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஏரியில் மீன் பிடிக்க இறங்குகிறவன் முதலில் தன் மூக்கை மறந்துவிட வேண்டும். தோல் தொழிற்சாலைக் கால்வாய் வந்து விழும் இடத்தில் தண்ணீர் கஷாய நிறத்தில் நுரைத்துக் கிடக்கும். கரையெல்லாம் சுரண்டிப் போட்ட மயிரும் சவ்வும் ஊறி வழவழக்கும். பதப்படுத்திய தோலைச் சீமைக்கு அனுப்பினார்கள், கழிவை நம் ஏரிக்கு அனுப்பினார்கள். எழுபதுகள் முடிவதற்குள் கெண்டையும் கெளுத்தியும் செத்து மிதந்து ஒழிந்தன. விரால் மட்டும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொண்டது.

அந்த விராலை வேலூரில் விற்றுத்தான் மீனாம்பாள் குடும்பத்தை ஓட்டினாள். மற்றவர்கள் கொண்டுவரும் ஏரி மீன், குழம்பு கொதிக்கும்போதே தோல் ஊறுகிற தொட்டி மாதிரி நாறும். இவள் மீன் நாறாது. சேற்று வாடை போக ஊரில் பலர் வீட்டுச் சமையலுக்குச் செய்கிற வேலையை அவள் விற்கிற மீனுக்கும் செய்தாள். பிடித்த மீனை வீட்டுத் தொட்டியில் நிரப்பிய கிணற்றுத் தண்ணீரில் உயிரோடு விட்டு, தீனி போடாமல் ஓரிரு நாள் வைத்திருப்பாள். அந்தத் தண்ணீரை இறைத்துக் கொட்டும்போது வருகிற வீச்சம் தெருமுனை வரை அடிக்கும். கடைசியில் மீனை முகர்ந்து பார்ப்பாள், ஒரு வாடையும் இருக்காது. ஏரியின் விஷம் மொத்தமும் கழுவிக்கொண்டு போய்விட்டது என்பதில் அவளுக்குத் துளிச் சந்தேகமும் இல்லை.

அந்த நம்பிக்கையில்தான் மகள் விஜயகுமாரிக்கு ஈரலைக் கொடுத்தாள். மகளுக்கு முதல் கரு தங்கவில்லை. இரண்டாவதையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று மூன்றாம் மாதமே கூட்டிவந்து வைத்துக்கொண்டாள். வாடிக்கைக்காரர்களுக்கு மீன் வெட்டும்போது ஈரலை மட்டும் இலையில் மடித்து இடுப்பில் செருகிக்கொள்வாள். ரத்தம் ஊறட்டும் என்று மிளகு தட்டிப் போட்டு வறுத்துக் கொடுப்பாள்.

வேலூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்த டோரதி, வகுப்பில் அறுத்துக் காட்ட மீனாம்பாளிடம்தான் உயிர் விரால் வாங்குவார். எண்பத்திரண்டில் ஒரு நாள் அவளை உள்ளே கூப்பிட்டு, அறுத்த மீனைக் காட்டினார். சதை பளிச்சென்று இருந்தது. ஈரல் வெளுத்து மஞ்சளாகி, திட்டுத் திட்டாகக் கன்றிப்போய், பார்க்கவே அருவருப்பாக இருந்தது. நாற்றமே இல்லையே என்று மீனாம்பாள் வாதாடினாள். செவுள் இழுக்கிற விஷத்தை ரத்தம் ஈரலுக்குக் கொண்டுபோகிறது, ஈரல் உடைக்க முடிந்ததை உடைத்துப் பித்தத்திலும் மூத்திரத்திலும் வெளியே தள்ளுகிறது, தொட்டியில் வீசுவது அதுதான் என்று டோரதி விளக்கினார்.

"நாத்தம் போய்டும் மீனாம்பா. தோலைப் பதம் பண்ணப் போடுற குரோம் உலோகம், அது அப்படிப் போவாது. அதை உடைக்க ஈரலால முடியாது. அங்கயே தங்கிடும். ஈரலை நாய்க்குக்கூடப் போடாத."

பஸ்ஸில் வரும்போது இடுப்பில் இருந்த இலைப் பொட்டலம் ஏதோ ஊர்வது போல உறுத்தியது. எடுத்து ஜன்னல் வழியே வீசினாள். கையைப் புடவையில் எவ்வளவு தேய்த்தும் அருவருப்பு அடங்கவில்லை.

வீட்டில் விஜயகுமாரி, காலையில் வறுத்து வைத்த ஈரலைத் தின்றுவிட்டுத் தட்டை வழித்துக்கொண்டிருந்தாள். மீனாம்பாள் உப்பைக் கரைத்து ஒரு சொம்பு குடிக்கவைத்தாள். சாக்கடையோரம் உட்காரவைத்து மகளின் தொண்டைக்குள் விரலை விட்டாள். மகள் திமிறினாள், திட்டினாள், கடைசியில் வாந்தி எடுத்தாள். மிளகும் ஈரல் துணுக்குமாக விழுந்ததை மீனாம்பாள் குச்சியால் கிளறிப் பார்த்தாள். எல்லாம் வந்துவிட்டதா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அதன் பிறகுதான் டீச்சர் சொன்னதைச் சொன்னாள்.

விஜயகுமாரி வாயைத் துடைத்துக்கொண்டு தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குத் துன்னது வந்துடுச்சி. நாலு மாசமா துன்னது?" என்றாள்.

மீனாம்பாள் வாயைத் திறந்தாள். வாந்திதான் வந்தது.